கேமுக்குள் குளத்தூர் வருமா? கண்மாய்க் கரையைக் காணாமல் போக்கும் இலவச டேட்டா

வீடியோ கேமுக்கு ஒரு மலை வேணும்னா, இப்போ யாரும் அதைக் கையால் செதுக்க வேண்டியதில்லை. நிஜ மலையின் உயர அளவுகளை டவுன்லோட் செய்து கேம் இன்ஜினில் ஏற்றினால், சில நிமிடங்களில் மலை ஸ்கிரீனில் எழுந்து நிற்கும். இமயமலைக்கும் ஆல்ப்ஸுக்கும் இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் கோவில்பட்டியில் தொடங்கி விளாத்திகுளம், குளத்தூர் வரை விரியும் கரிசல் காட்டுக்கு? அங்கேதான் சிக்கல். அந்தச் சிக்கல் கேமோடு முடிவதும் இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்ற அந்த டேட்டா இன்று யாருக்கும் இலவசம். நம்ம இஸ்ரோவும் 2005 மே மாதம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. ஒரே இடத்தை இரண்டு கேமராக்கள் வேறு வேறு கோணங்களில் படம் எடுக்க, அதிலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. அப்படிக் கிடைத்த கார்ட்டோடெம் டேட்டா, 'புவன்' தளத்தில் இருக்கிறது.

இந்த டேட்டாவைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் அதுதான் 'ஹைட்மேப்'. கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் மேடு. அன்ரியல், யூனிட்டி போன்ற இன்ஜின்கள் ஒவ்வொரு பிக்சலையும் ஓர் உயரமாகப் படித்து நிலத்தை உருவாக்குகின்றன. 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' விளையாடுபவர்கள் சொந்த ஊரைக் கேமுக்குள் கொண்டுவருவதும் இப்படித்தான்.

கரிசலில் என்ன ஆகும்?

இலவச டேட்டாவில் ஒரு பிக்சல் என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் உயரம்தான்.

கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வைப்பாறு கடலில் சேரும் இடம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதாவது, கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிவு. எஸ்.ஆர்.டி.எம். உயரத்தை முழு மீட்டரில்தான் சொல்லும். அதனால் அரை கிலோமீட்டர் தூரம் நிலம் மேஜை போலத் தட்டையாகக் கிடந்து, திடீரென ஒரு மீட்டர் படி இறங்கும். நிஜத்தில் அங்கே படியே கிடையாது.

அடுத்தது கண்மாய்க் கரை. 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு கரையை 30 மீட்டர் கட்டத்துக்குள் சராசரி எடுத்தால், மிஞ்சுவது ஒரு மீட்டர்கூட இருக்காது. டேட்டாவின் பிழையே பல மீட்டர் எனும்போது, அந்தக் கரை இருந்த சுவடே தெரியாது. அதேநேரம் அடர்ந்த சீமைக்கருவேலங் காடு மேடு போலத் தெரியும். ரேடாரும் கேமராவும் தரையைத் தொடாமல் மரத்தின் தலையையும் சேர்த்து அளப்பதே காரணம்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கும் இதே கதிதான். பாண்டியர்கள் 8-ம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய கோயில், இந்த டேட்டாவில் மொழுக்கென்ற ஒரு குன்றுக்குள் கரைந்துவிடும்.

'கேம்தானே, கற்பனை பண்ணிக்கலாமே?'

பண்ணலாம். நல்ல லெவல் டிசைனர்கள் டேட்டாவை அப்படியே விடுவதில்லை. மேலே கையால் திருத்துவார்கள். ஆனால் திருத்துவதற்கு, அங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். கண்மாய், மடை, கலுங்கு, ஓடை எல்லாம் எங்கே என்று தெரியாதவர் கையில் கரிசல் பூமி வெறும் பொட்டல் காடாகத்தான் வரும். சினிமா ஏற்கெனவே இந்த வட்டாரத்தை அப்படித்தான் காட்டிப் பழக்கிவிட்டது. கேமும் அதையே செய்ய வேண்டுமா?

இது கேம் பிரச்சினை மட்டும் இல்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.; கோவில்பட்டியில் 50 செ.மீ.க்கு மேல். பல குளங்கள் உடைந்தன. இவ்வளவு தட்டையான பூமியில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அரை மீட்டர் மேடுதான் முடிவு செய்கிறது. வெள்ள மாதிரியை உருவாக்க நினைக்கும் கல்லூரி மாணவருக்கும் சுலபமாகக் கிடைப்பது அதே 30 மீட்டர் டேட்டாதான். கேமில் தொலைந்த கரை, அவருடைய வெள்ள வரைபடத்திலும் தொலைந்துதான் இருக்கும்.

என்ன செய்யணும்?

டென்மார்க் அரசு 2014-ல் தன் நாடு முழுவதையும் 'மைன்கிராஃப்ட்'டில் உருவாக்கி, மாணவர்கள் உள்ளே நடந்து பார்க்கத் திறந்துவிட்டது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை, வெள்ளத்தைக் கணிக்க விமானத்திலிருந்து லேசரால் அளந்த டேட்டாவை 2015-ல் இலவசமாக வெளியிட்டது. வெள்ளத்துக்காக அளந்தது கேம் டிசைனர்களுக்கும் பயன்பட்டது.

இந்தியாவிலும் கதவு பாதி திறந்திருக்கிறது. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே துல்லியமான வரைபட டேட்டா உருவாக்க வழிவிட்டன. 2022 தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 செ.மீ. துல்லியத்தில் உயர டேட்டா என்று இலக்கு வைத்திருக்கிறது. 25 செ.மீ. என்றால் கண்மாய்க் கரை மட்டுமல்ல, வரப்பும் தெரியும்.

பாதுகாப்பு என்று ஒரு கவலை எழும். ராணுவத் தளங்களை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பதில் சிரமம் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் அளக்கப்படும் டேட்டா, ஆபீஸ் சர்வரில் தூங்கக் கூடாது. விலை வைத்து விற்கப்படவும் கூடாது. கேம் செய்யும் இளைஞருக்கும், கண்மாய்ப் பாசன விவசாயிக்கும், பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஒரே கிளிக்கில் கிடைக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மலைகளை விட்டுவிட்டு, இலவச டேட்டா இன்றுவரை சரியாகப் பார்க்காத குளத்தூர் மாதிரியான தட்டை பூமியிலிருந்து தொடங்கலாம்.