இல்லாத கையின் வலி

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் வலியை மனிதன் எளிதில் நம்புவதில்லை என்ற உண்மையை நம் முன்னோர் இப்படிச் சுருங்கச் சொல்லிவிட்டனர். நம்பாதவர் வரிசையில் நானும் ஒருவனாக நின்றேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அல்லிநகரத்தில் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரியப்பா என்றுதான் அவரை அழைப்பேன். சோளத்தட்டை நறுக்கும் இயந்திரம் அவருடைய வலக்கையை முழங்கைக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. புண் ஆறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, "விரலெல்லாம் மடங்கிக்கிட்டு நகம் உள்ளங்கையில குத்துதுடா, பிரிக்க முடியலையே" என்று புலம்புவார். தெருவில் சிலர் அதை நடிப்பு என்றனர். சிலர் கோடாங்கியை அழைத்துவந்து குறி கேட்டனர். விலங்கியல் படிக்கும் நானோ, "இல்லாத விரலுக்கு எந்த இடத்துல பெரியப்பா தைலம் தேய்க்கிறது?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மொட்டைக் கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பிறகு நரம்பு மண்டலம் பற்றிய பாடத்திற்காக நூலகத்தில் புரட்டியபோது என் சிரிப்பு அடங்கியது.

வலி என்பது யாது? நம் அடுப்படியிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. மிளகாய் கிள்ளிய கை தீயில் பட்டாற்போல எரிகிறது. அங்கே தீ ஏது? சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஒரு புரதம் நம் நரம்பு முனைகளில் உள்ளது. மிளகாயின் காரப்பொருளும் அதே புரதத்தைத் தூண்டிவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசும் அவர் குழுவினரும் இதனை 1997-இல் கண்டறிந்தனர். 2021-இல் நோபல் பரிசு பெற்ற இருவருள் ஜூலியசும் ஒருவர். தீ இல்லை, ஆனால் எரிச்சல் மெய். நரம்பு அனுப்பிய செய்தியை மூளை வலியாக உணர்கிறது.

அப்படியானால், கையே இல்லாதவருக்கு எப்படி வலிக்கும்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கவனித்த மருத்துவர் வெயர் மிட்செல், 1871-லேயே இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் சூட்டினார். இந்தப் புதிருக்கு விடை தேடியவர்களுள் நம் தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் குறிப்பிடத்தக்கவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 2007-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் தொட்டார். இல்லாத கையின் விரலில் தொடுவதாக அந்த மனிதர் கூறினார்! மூளையில் கைக்குரிய பகுதியும் முகத்திற்குரிய பகுதியும் அண்டை வீடுகள். கையிலிருந்து செய்தி நின்றதும் அண்டை வீட்டுச் செய்தி அங்கே புகுந்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். இவ்விளக்கத்தைக் குறித்து அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வலி உண்மை என்பதில் மட்டும் அவர்களுக்குள் வாதம் இல்லை.

1990-களில் அவர் செய்த அடுத்த சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு பெட்டியும் ஒரு சாதாரணக் கண்ணாடியுமே. நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையைப் பிரித்தால், மடங்கிக் கிடந்த மாயக் கையும் பிரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர், வலியும் தணிந்தது. இது எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டிற்குப் போனேன். கண்ணாடியைப் பார்த்தபடியே இடக்கையை மெல்ல விரித்தார். "கொஞ்சம் பிரிஞ்ச மாதிரி இருக்குடா" என்றார். மறுநாள் வலி திரும்பி வந்தது. ஆனால் அவர் முகம் தெளிந்திருந்ததற்குக் காரணம் வேறு. "நான் பொய் சொல்லலைன்னு படிச்ச பய நீயே சொல்லிட்டியே, அது போதும்" என்றார்.

நண்பர்களே! கையிழந்தவருக்குத் தையல் பிரித்ததோடு வைத்தியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். தலைவலி என்று மேசையில் தலை சாய்க்கும் மாணவியைப் பாடத்திற்கு அஞ்சுகிறாள் என்கிறோம். காயம் தெரிந்தால்தான் வலி மெய் என்ற எண்ணம் அறிவியலுக்கே முரணானது. வலியை அளந்து காட்டும் தராசு எதுவும் நம் கையில் இல்லை. வலிப்பவரின் சொல்லே முதற் சான்று. இராமச்சந்திரன் கண்ணாடியைத் தேடியதற்கு முன், நோயாளி சொன்னதை நம்பினார். அந்த நம்பிக்கையிலிருந்துதான் ஆராய்ச்சி பிறந்தது.

விஞ்ஞானி ஆவது நம்மில் ஒரு சிலருக்கே வாய்க்கலாம். "எங்கே வலிக்கிறது?" என்று சிரிக்காமல் கேட்பது நம் எல்லோராலும் இயலும். அதை இன்றே தொடங்குவோம்.