ஐயர் அறிவிப்பு வாசிக்கிறார்



பிரசங்கத்தில் கண்ணயர்ந்தவரும் அறிவிப்பு வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது தெரியும். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டைப் பிரிப்பார். (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன தாய் வாசலுக்குத் திரும்பி வருவாள். வேப்பமரத்தடியில் நின்ற வாலிபர்களும் ஒரு எட்டு உள்ளே வருவார்கள்.

இது எங்கள் டிசம்பர் இதழ். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நட்சத்திரம், குடில், கேக் என்று ஏதாவது எழுதி ஒப்பேற்றுவேன். இந்த முறை அந்தப் பத்து நிமிட அறிவிப்பைப் பற்றி எழுதத் தோன்றியது. ஒரு சபையின் வாரம் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிரசங்கம் எந்த ஊருக்கும் பொருந்தும். அறிவிப்பு அந்த ஊருக்கு மட்டும்தான்.

என்னென்ன இருக்கும் அதில்? பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தவர்கள் பெயர் வரும். வேலை கிடைத்ததற்கு ஒருவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒருவர், பசுமாடு சுகமாகக் கன்று போட்டதற்கு ஒருவர் என்று காணிக்கைக்கான காரணங்களும் வாசிக்கப்படும். பிறகு ஓலை. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை, பெண் பெயரை மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசித்து, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கும்படி ஐயர் சொல்ல வேண்டும். அப்போது கோயிலில் ஒரு அமைதி விழும் பாருங்கள். யாரும் எழுந்து எதுவும் சொன்னதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லார் காதும் அதற்காகத் தீட்டப்பட்டிருக்கும். பெண் கோயிலுக்கு வந்திருந்தால், அவள் தலை ஆராதனை முடியும்வரை நிமிராது.

அதற்கடுத்தது வாரத்தின் வேலைப் பட்டியல். செவ்வாய் மாலை வீட்டு ஜெபக்கூட்டம் யார் வீட்டில், பெண்கள் ஐக்கிய சங்கம் எத்தனை மணிக்கு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கஞ்சி யார் பொறுப்பு, சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, அடுத்த வாரம் கோயிலைப் பெருக்கிக் கழுவுவது எந்தத் தெரு. இதில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் சண்டை வரும். கீழத்தெரு இரண்டு தடவை கழுவிவிட்டது, மேலத்தெரு ஒரு தடவைகூடக் கழுவவில்லை என்ற கணக்கை ஐயர் மறந்தாலும் ஐயரம்மா மறக்க மாட்டார்.

இந்தச் சீமையின் கோபுரங்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. மெய்ஞானபுரத்தில் மிஷனெரி ஜான் தாமஸ் எழுப்பிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி. செம்மண் தேரியில் நடந்து வருகிறவருக்கு ஊர் தெரிவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம் முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1880இல்தான் பிரதிஷ்டையானது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இலேயே வெளியிட்டுவிட்ட மனிதருக்கு, ஒரு கோயிலைக் கட்டி முடிக்க அதற்குப் பின்னும் இத்தனை காலம் பிடித்திருக்கிறது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கணக்கு எழுதி எழுதி எத்தனை நோட்டு தீர்ந்திருக்குமோ!

எனக்குக் கோபுரத்தைவிட நோட்டுதான் பெரிதாகப் படுகிறது. திருநெல்வேலித் திருச்சபையின் கதையே ஒரு பெயர்ப்பட்டியலில்தானே தொடங்குகிறது? 1780இல் பாளையங்கோட்டையில் எழுதிவைத்த சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். ஊருக்கு ஒன்றாகக் கோபுரம் நிற்கும் இந்தப் பகுதியில் அன்றைக்கு அவ்வளவுதான் சபை. அதில் ஒருத்தி குளோரிந்தா, 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. 1785இல் அவள் கட்டிய சிறு கோயிலைப் பாளையங்கோட்டை ஜனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். கட்டடம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே பட்டியல் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இன்னார் நம்மவர், இன்னார் பிறந்தார், இன்னார் போய்ச்சேர்ந்தார் என்று எழுதிவைத்து, அதைக் கூடியிருப்பவர் காதில் விழும்படி வாசிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஐயர் கையில் இருப்பது அந்த நோட்டின் தொடர்ச்சிதான்.

அறிவிப்பில் பெண்கள் காதைக் கூர்மையாக்குவது கைப்பிடி அரிசி வரும்போது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். பல ஊர்களில் உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த அரிசியில்தான். பனையேறிகளின் ஊர்களில் அரிசியே அபூர்வம் என்ற காலத்திலும் அந்தக் கைப்பிடி நிற்கவில்லை. பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டியும் சேர்ந்து வரும். இந்தச் சில்லறைக் காணிக்கையிலிருந்துதான் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தங்கள் ஆட்களையே அனுப்பினார்கள். வெள்ளைக்காரனின் பணத்தில் வந்த மதம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் அந்தத் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

பண்டிகை நெருங்கினால் அறிவிப்பு நீளும். அறுப்பின் பண்டிகை அறிவிப்பில், முதற்பலனை யார் யார் எப்போது கொண்டுவர வேண்டும் என்பது வரை இருக்கும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், சேவல், ஆட்டுக்குட்டி என்று ஆலயத்தின் முன்பக்கம் சந்தை மாதிரி ஆகிவிடும். ஆராதனை முடிந்ததும் ஏலம். போன வருஷம் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இந்த ஏலத்துக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி சின்ன ஓலைப்பெட்டியில் நாலு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்திருந்தார். ஏலம் விட்டவர் வாலிபர் சங்கத்துப் பையன், நல்ல வாய். ஐம்பதில் தொடங்கினான். பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் நூறு என்றார். அவருடைய மச்சான் விடுவாரா? இருநூறு. இப்படியே இரண்டு பேரும் ஏற்றிக்கொண்டு போக, ஆயிரத்து நூறில், ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ ஆகிவிட்டது. பம்பாய்க்காரர் முட்டையை வாங்கி, சபைக்கே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொன்னார். இரண்டாம் தடவை மச்சான் எடுத்துவிட்டார். கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் பாட்டி எழுந்து வந்து அவரிடம் சொன்னார்: “எய்யா, அவிச்சுத் தின்னுராத. நல்ல சாதி. அடைக்கு வை.”

ஏலத்தில் ஒரு சங்கதி உண்டு. உற்சாகத்தில் கேட்டுவிடுகிறவர்கள் எல்லாரும் அன்றைக்கே பணம் கட்டுவதில்லை. அதனால் அடுத்த சில ஞாயிறுகளுக்கு அறிவிப்பில், ஏலப் பாக்கி வைத்திருப்பவர்கள் கட்டிவிடும்படி அன்பாகக் கேட்டுக்கொள்ளப்படுவார்கள். பெயர் வாசிக்க மாட்டார்கள். வாசிக்க வேண்டியதும் இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

பண்டிகைகளில் எனக்குப் பிடித்தது அசனம், அதாவது சபையின் பொது விருந்துதான். ஊருக்கு ஊர் அதற்கு நாள் வேறு. ஒரு மாதம் முன்பே அறிவிப்பு தொடங்கிவிடும்: தலைக்கட்டுக்கு எவ்வளவு, அரிசி யார் பொறுப்பு, ஆடு யார் பிடிப்பது, விறகு எங்கிருந்து. முந்தின நாள் மாலையிலிருந்தே கோயில் வளாகம் விழித்திருக்கும். மண்ணில் நீளக் குழி வெட்டி, வரிசையாக அண்டா ஏற்றுவார்கள். பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். கண்ணீரும் வம்பும் அந்த வட்டத்தில் தாராளமாக ஓடும். விடியற்காலையில் வெந்த சோற்றை வடித்து, ஓலைப்பாயில் கொட்டி, வெள்ளைத் துணியால் மூடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சோற்றுக் குவியலிலிருந்து ஆவி எழும். பக்கத்தில் கறிக்குழம்பு கொதிக்கும். வாலிபர்களை விரட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் அகப்பையால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “ஏடே, உப்பு மட்டு. ஐயர் வந்து ஜெபம் பண்றதுக்குள்ள போடு” என்பார். ஜெபத்துக்குப் பின் உப்பு போட்டால் என்ன குற்றம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இன்னொரு சொட்டுதான் வந்தது, என் உள்ளங்கைக்கு.

பந்தி தரையில்தான். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சுற்றுப்பட்டில் இருக்கும் எல்லாரும் வருவார்கள். பந்தியில் உட்கார முடியாத கிழடுகளுக்கும் நோயாளிகளுக்கும் தூக்குவாளியில் வீட்டுக்குப் போகும். அன்றைக்கு ஊரில் யார் வீட்டு அடுப்பும் எரியாது.

ஒரே பாயில் சோறு, ஒரே வரிசையில் பந்தி என்று எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்குகிறது. கோயிலுக்குள் சாதி கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியது 1833இல். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் ஓலை வாசிக்கும்போது இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கேட்டால், ஒரே சாதிக்குள்தான் முடிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். சில ஊர்களில் தெருவைப் போலவே கோயிலும் பிரிந்துகிடக்கிறது, கல்லறைத் தோட்டமும்தான். திருமண்டலத் தேர்தல் வந்தாலோ, நேற்றுவரை ஒரே பாமாலையைப் பார்த்துப் பாடிய அண்ணன் தம்பி ஆளுக்கு ஒரு அணி. அந்த மாதங்களில் அறிவிப்பைவிட வாசலில் கொடுக்கும் நோட்டீசுதான் விறுவிறுப்பு. இதையெல்லாம் மறைத்துவிட்டு அசனத்தை மட்டும் புகழ்ந்தால், அது அந்தச் சோற்றைச் சமைத்தவர்களுக்கே மரியாதை இல்லை.

துக்கச் செய்தி பெரும்பாலும் ஞாயிறு அறிவிப்புக்குக் காத்திருக்காது. அதற்கு மணி இருக்கிறது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் ஒவ்வொரு அடியாக விட்டு விட்டு அடிப்பார். வயலில் இருப்பவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, யாராக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு பட்டியலை ஓட்டிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஐயர் அந்தப் பெயரை வாசித்து, துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டு ஜெபிக்கும்போது, செய்தி எல்லாருக்கும் பழசாகியிருக்கும். இருந்தும் அந்த வீட்டுக்காரர்கள் அந்த வாசிப்பைக் கேட்கவே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது பல கோயில்களில் ஆராதனை நேரலையாகப் போகிறது. தாராவியிலும் துபாயிலும் சென்னைப் புறநகரிலும் இருப்பவர்கள் கைப்பேசியில் ஊர்க்கோயிலைப் பார்க்கிறார்கள். அமீரகத்தில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், பிரசங்கத்தைத் தள்ளிவிட்டு நேரே அறிவிப்புக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அவருடைய ஐயர் இந்தப் பக்கத்தைப் படித்துவிடக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன். நண்பருக்கு வேண்டியது யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை, அசனம் எந்தத் தேதி என்பதுதான். அசனத் தேதி தெரிந்த அன்றே விமான டிக்கெட் போட்டுவிடுகிறார்.

இந்த மாதம் அறிவிப்புக்குப் பஞ்சமே இருக்காது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை, கேரல் ரவுண்டு எந்தத் தெருவில் தொடங்குகிறது, நள்ளிரவில் பாடி வருகிறவர்களுக்குச் சுக்குக்காப்பி யார் வீட்டில், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் யாருக்கு (அது ரகசியம், ஆனால் செருப்பைப் பார்த்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்). வருஷக் கடைசி இரவு ஆராதனைக்கு வெளியூர்க்காரர்களும் வந்துவிட, கோயில் கொள்ளாது. வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டுதான் புது வருஷத்துக்குள் போவார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலின் பழைய அறிவிப்பு நோட்டு, அசன வரவு செலவுக் கணக்கு, கேரல் ரவுண்டு நோட்டீசு எது வீட்டில் கிடந்தாலும் அதை நகலெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கிறிஸ்தவர்கள்தான் என்றில்லை. அம்மன் கோயில் கொடை வரி நோட்டும் பள்ளிவாசல் கந்தூரி அழைப்பும் எங்களுக்கு அதே மதிப்புதான். மாட்டுக் கன்றுக்குக் காணிக்கை கொடுத்தவர் பெயர்கூட விடுபடக் கூடாது. பொங்கல் இதழில் சில பக்கங்களை இதற்காக ஒதுக்கியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கட்டிவிடும்படி அன்பாகக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பெயர் வாசிக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்