பெட்டியில் தூங்கும் போர்வைகள்!

பாதி வெந்த சோறு பசியைத் தீர்க்குமா? பாதி கட்டிய வீடு மழையைத் தடுக்குமா?

அமெரிக்காவில் பல வீடுகளில் இப்படிப் பாதி வேலை பெட்டிக்குள் தூங்குகிறது. அதுதான் ஒட்டுப்போர்வை!

அதை அங்கே "குயில்ட்" என்பார்கள். பல நிறத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, அழகாக இணைத்துத் தைப்பார்கள். இது மேல் துணி. நடுவில் பஞ்சு விரிப்பு. அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது போர்வை.

மேல் துணியை ஆசையோடு தைத்து முடிக்கிறார்கள். மூன்றையும் சேர்க்கும் நேரத்தில் தயங்கி நிற்கிறார்கள். ஏன்?

வீட்டுத் தையல் எந்திரத்தில் ஊசிக்குப் பக்கத்தில் உள்ள இடம் சிறியது. கட்டில் அளவுப் போர்வையைச் சுருட்டி அதற்குள் திணிக்க வேண்டும். அதற்கு முன்பு தரையில் விரித்து, முழங்காலிட்டு, வரிசையாக ஊக்குக் குத்த வேண்டும். வயதானவர்களின் இடுப்பு என்ன ஆகும்?

எந்திரம் நகரும்!

இந்த வேலைக்கென்றே "லாங் ஆர்ம்" என்ற எந்திரம் இருக்கிறது. நீண்ட கை என்று பொருள். பத்து, பன்னிரண்டு அடி நீள மேஜை. துணி உருளைகளில் பாய்போலச் சுற்றியிருக்கும். சாதாரண எந்திரத்தில் துணி நகரும். இதில் துணி நிற்கும், எந்திரம் நகரும்! சைக்கிளைப்போல இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஊக்குக் குத்தும் வேலையே இல்லை.

விலைதான் மலைக்க வைக்கிறது. பெரிய எந்திரம் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் டாலரையும் தாண்டும். ஆனால் சில துணிக்கடைகள் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. முதலில் சில மணி நேரம் பாடம். பிறகுதான் எந்திரம் கைக்கு வரும்.

பாடம் கடினமானது அல்ல. மேல் துணியைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட வேண்டும். அடித்துணி ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஓரத்தில் தைத்துப் பார்த்து, நூலின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். காகிதத்தில் உள்ள கோலத்தின்மீது ஒரு சிவப்பு ஒளிப் புள்ளி விழும். புள்ளியைக் கோட்டின் மேலேயே நகர்த்தினால், அதே கோலம் துணியில் விழும்.

முதல் நாள் கோடு கோணும். மேலே நன்றாக இருக்கும். அடியில் பார்த்தால் நூல் கொசகொசவென்று தொங்கும். பிரித்துத் தைக்க வேண்டியதுதான். அதில் வெட்கம் என்ன?

இது கைவேலையா?

"கூலி கொடுத்தால் முடிந்துவிடாதா?" என்று கேட்கலாம். கொடுக்கலாம். சதுர அங்குலக் கணக்கில் கூலி வாங்குவோர் அங்கே உண்டு. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம் என்றால் 4,800 சதுர அங்குலம். இரண்டு சென்ட் வீதம் என்று வைத்தால்கூட 96 டாலர்! ஐந்து போர்வை பெட்டியில் இருந்தால்?

"எந்திரத்தில் தைத்தால் அது கைவேலை ஆகுமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். இது பழைய வழக்கு. 1989-ல் கென்டக்கி மாநிலம் படூகா நகரில் நடந்த போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணி எந்திரத்தில் தைத்த போர்வை முதல் பரிசு பெற்றது. அங்கே எந்திரத் தையலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் எந்திரத்துக்குக் கண் உண்டா? வழி காட்டியது அவர் கைதானே!

கையால் தைப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. அது உயர்ந்த கலை. ஆனால் நேரமும் கண்பார்வையும் இல்லாதவர்கள் என்ன செய்வது? பேரனுக்கென்று பாட்டி தைத்த மேல் துணி, அவன் வளர்ந்து பெரியவன் ஆன பிறகும் பெட்டிக்குள் கிடக்க வேண்டுமா?

கடன் வாங்கி எந்திரம் வாங்க வேண்டாம். பயந்து பெட்டியை மூடவும் வேண்டாம். வாடகைக்கு எடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். முதலில் தொட்டில் அளவுப் போர்வையில் தொடங்குங்கள்.

கோடு கோணினாலும் போர்வை குளிரைத் தடுக்கும். அதன் அடியில் தூங்கும் குழந்தை, கோட்டை அளந்து பார்க்காது!