மார்க்சுக்குக் கடிதம் எழுதியவர் மந்திரியான கதை

ஜெர்மனியில் யோஹான்னஸ் மீக்வெல் என்று ஒரு வக்கீல் இருந்தார். 1828-ல் பிறந்தவர். 1850-ல், லண்டனில் அகதியாக வாழ்ந்த மார்க்சுக்கு, தாமும் கம்யூனிஸ்டுதான் என்று கடிதம் எழுதினார். கம்யூனிஸ்ட் லீகிலும் சேர்ந்தார். அதே மனிதர் கடைசியில் பிரஷ்ய மன்னரின் நிதி மந்திரியாகி, பிரபுப் பட்டமும் பெற்றார்! எப்படி?

ஒரே நாளில் அல்ல. 1848 புரட்சி நசுக்கப்பட்டது. 1852-ல் லீக் கலைந்தது. மீக்வெல் லிபரல்களின் பக்கம் நகர்ந்தார். 1865-ல் ஒஸ்னாபுரூக் நகர மேயர். 1870-ல் பெர்லினில் பெரிய பாங்கின் டைரக்டர். 1880-ல் பிராங்பர்ட் மேயர். ஏற ஏற, கீழே நின்றவர்கள் அவர் கண்ணுக்கு மறைந்தார்கள்.

பிராங்பர்டில் அவர் வேலையே செய்யவில்லையா? செய்தார். 1886-ல் மெயின் நதியில் புதிய துறைமுகம் வந்தது. 1888-ல் பெரிய ரயில் நிலையம் திறந்தது. ஆனால் மூட்டை சுமந்தவனுக்கு, வருமானம் போதாது என்று நகரசபைத் தேர்தலில் ஓட்டில்லை! அதே 1886-ல், சோஷலிஸ்ட் எதிர்ப்புச் சட்டத்தின்படி பிரஷ்ய சர்க்கார் அந்நகரில் விசேஷ அடக்குமுறையைப் பிரகடனம் செய்தது; தொழிலாளர் இயக்கத்தினர் ஊரைவிட்டே துரத்தப்பட்டனர். 1878-ல் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கிய கட்சிகளில் மீக்வெலின் தேசிய லிபரல் கட்சியும் ஒன்று.

"அவர் நல்ல வரிச் சட்டம் கொண்டுவந்தாரே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. 1890-ல் மந்திரியானார். 1891-ல் வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வருமான வரியை விதித்தார். வருஷத்துக்கு 900 மார்க்குக்கு மேல் போகாத ஏழைக்கு வரியில்லை. மேல்தட்டுக்கு 4 சதவிகிதம். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரஷ்யச் சட்டசபைத் தேர்தலில் கட்டும் வரியைப் பொறுத்தே ஓட்டுக்கு எடை. வரி அதிகம் கட்டும் சில சீமான்கள் ஒரு வகுப்பு. ஏழை ஜனத்திரள் முழுவதும் ஒரு வகுப்பு. இரண்டுக்கும் சம பலம்! மீக்வெல் பணக்காரனின் பெட்டியைத் தொட்டார். அவன் ஓட்டைத் தொடவில்லை. அந்த முறை 1918 புரட்சி வரை நீடித்தது.

1897 முதல் அவருடைய கொள்கை வெளிப்படையாயிற்று: ஆலை முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் ஒன்றுசேர வேண்டும், சோஷலிஸ்டுகளைத் தடுக்க வேண்டும். அந்தக் கூட்டின் பலன் 1902-ல் தெரிந்தது. வெளிநாட்டுத் தானியத்தின் மீது வரி உயர்ந்தது. நிலப்பிரபுவுக்கு லாபம், தொழிலாளிக்கு ரொட்டி விலை ஏற்றம்.

மீக்வெல் அதைப் பார்க்கவில்லை. 1901-ல் சர்க்காரின் கால்வாய் மசோதாவை நிலப்பிரபுக்கள் முடக்கினார்கள். மீக்வெலின் பதவி போயிற்று. அதே வருஷம் மாண்டார். அவர் யாரை அணைத்தாரோ அவர்களே அவர் காலை வாரினார்கள்!

தோழர்களே! வாலிபத்தில் பேசிய பேச்சை வைத்தோ, கட்டிய கட்டிடத்தை வைத்தோ ஒரு தலைவரை எடை போடாதீர்கள். உழைப்பவன் கைக்கு ஓட்டையும் உரிமையையும் கொண்டுவந்தாரா? அதைக் கேளுங்கள்.