பன்னிரண்டு பெயர்களும் பதினெட்டுப் பெயர்களும்

மகாளய அமாவாசை நாளில் பவித்திரம் அணிந்து எள்ளும் நீருமாக அமர்ந்தவரிடம் சாஸ்திரிகள் முதலில் கேட்பது பெயர்களைத்தான். தந்தையார் பெயர் உடனே வரும். பாட்டனார் பெயரும் வந்துவிடும். கொள்ளுத் தாத்தாவின் பெயருக்குச் சற்று யோசனை. தாய்வழியில் கொள்ளுப் பாட்டியின் பெயர் என்ன என்று கேட்கும்போது, அமர்ந்தவர் திரும்பி அண்ணனைப் பார்ப்பார்; அண்ணன் அத்தையைப் பார்ப்பார். அத்தை இல்லாத வீடுகளில் மௌனம்தான் விடை.

இந்த மௌனத்துக்கு அஞ்சியே இன்று பல குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் வம்சாவளியைக் கணினியில் ஏற்றி வைக்கின்றனர். அதற்கான மென்பொருள்களுள் கிராம்ப்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. 2001-இல் தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருவது, கட்டணம் கிடையாது, குடும்ப விவரங்கள் அவரவர் கணினியிலேயே இருக்கும். நானூறு, ஐந்நூறு பெயர்கள் ஏறியபின் வேண்டியவரைத் தேடி எடுப்பதுதான் கடினம். அதற்காக அதில் ஃபில்டர் என்னும் வடிகட்டி உண்டு. ஆயத்தமாக உள்ள வடிகட்டிகள் போதாதபோது, நமக்கு வேண்டியதை நாமே கட்டிக்கொள்ளலாம்.

வடிகட்டி என்பது விதிகளின் தொகுப்பு. ‘இன்னாருடைய முன்னோர்’ என்பது ஒரு விதி. ‘பெண்கள்’ என்பது ஒரு விதி. ‘இன்ன ஆண்டுக்கு முன் பிறந்தோர்’ என்பது ஒரு விதி. எல்லா விதிகளும் பொருந்த வேண்டுமா, ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதுமா என்பதை நாமே தீர்மானிக்கலாம். விதிகளுக்குப் பொருந்தாதவர்களை மட்டும் காட்டு என்று சொல்லவும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தச் சிறு கட்டத்தைப் பின்னர்ப் பார்ப்போம். ஒரு வடிகட்டியை மற்றொன்றின் உள்ளே விதியாக வைக்கவும் இயலும்.

நம் வழக்கங்கள் இந்தத் தேடலுக்குத் தரும் சோதனைகள் கொஞ்சமல்ல. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே அவன் பெயரன், பேரன் எனப்பட்டான். ஆகவே ஒரே வம்சத்தில் நான்கு இராமசாமிகள் இருப்பர். பெயரை மட்டும் தந்தால் நால்வரும் வருவர். பிறந்த ஆண்டையும் சேர்த்தாக வேண்டும். ஆண்டோ பழைய ஜாதகக் குறிப்பில் ‘விரோதி வருடம்’ என்று மட்டும் இருக்கும். அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. சின்னசேலம் முன்பு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது; 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது; 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. பத்திரத்தில் உள்ளபடியே ஒவ்வொன்றையும் தனித்தனி ஊராக ஏற்றினால், கணினிக்கு மூன்று சின்னசேலங்கள். ஒன்றில் தேடினால் மற்ற இரண்டில் பிறந்தவர்கள் அகப்பட மாட்டார்கள். ஊரை ஒருமுறை மட்டுமே ஏற்றி, எந்தக் காலத்தில் எந்த மாவட்டம் என்பதை அதன்கீழ்த் தேதியுடன் குறித்துவிடுவதே முறை. மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது.

இனித் தர்ப்பணப் பெயர்களுக்கு வருவோம். பெற்றோர் இருவரும் காலமானவர் செய்யும் தர்ப்பணத்தில் வைதிக முறைப்படி பன்னிருவர். தந்தை, தந்தையின் தந்தை, அவருடைய தந்தை. தாய், தந்தையின் தாய், தந்தையின் பாட்டி. தாயின் தந்தை, அவருடைய தந்தை, அவருக்கும் தந்தை. தாயின் தாய், தாயின் தந்தையைப் பெற்றவள், அவருடைய பாட்டி. தாய் உயிருடன் இருந்தால் பட்டியல் மாறும்.

இந்தப் பன்னிருவரைத் தரும் ஆயத்த வடிகட்டி எதுவும் இல்லை. மூன்று தலைமுறை முன்னோர் என்று கேட்டால் இரண்டும் நான்கும் எட்டுமாகப் பதினால்வர் வருவர். அவர்களில் நால்வர் தர்ப்பண வரிசையில் இல்லாதவர்கள். வரிசையில் இருக்க வேண்டிய இருவரோ, அதாவது தாயின் தந்தைவழியில் நான்காம் தலைமுறையில் உள்ள தம்பதியர், விடுபட்டுப் போவர். எனவே நான்கு தலைமுறை கேட்க வேண்டும். எல்லோர் பெயரும் ஏறியிருந்தால் மொத்தம் முப்பது பேர். அந்த முப்பதிலிருந்து ஐவருடைய முன்னோரை நீக்க வேண்டும்: தந்தையின் தாய், தாயின் தாய், தந்தையின் தந்தையைப் பெற்ற கொள்ளுப் பாட்டி, தாயின் தந்தையைப் பெற்ற கொள்ளுப் பாட்டி, நேர் தந்தைவழிக் கொள்ளுத் தாத்தா. ஐந்து விதிகள், ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும், மேலே சொன்ன கட்டத்தில் குறியிட்டுப் பொருந்தாதோரை மட்டும் கொள்க. இதற்குப் பெயரிட்டுச் சேமித்து, நான்கு தலைமுறை விதியோடு சேர்த்தால் பன்னிருவர் வரிசையாக வருவர். முன்னோர் விதியில் ‘அவரையும் சேர்த்து’ என்னும் குறியை இந்த ஐவருக்கும் இடலாகாது. இட்டால் பாட்டியாரும் சேர்ந்து மறைந்துபோவார்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அம்மான் மகளை மணந்த தந்தைக்குப் பிறந்தவர் இவ்வாறு வடிகட்டினால் பன்னிருவருக்குப் பதில் எண்மரே வருவர். கணினியின் பிழையன்று அது. தாயின் தந்தை, தந்தையின் தாய்க்கு உடன்பிறந்தவர். ஆகவே தாயின் பாட்டனாரே தந்தைவழிப் பாட்டிக்குத் தந்தையும் ஆவார். பாட்டியின் முன்னோரை நீக்கும்போது அவரும், அவர் மனைவியும், அவருடைய பெற்றோரும் நீங்கிவிடுகின்றனர். இத்தகைய குடும்பத்தார் விதிகளோடு போராடாமல், பன்னிருவருக்கும் ‘தர்ப்பணம்’ என்றொரு அடையாளச் சீட்டைக் கையால் இட்டு, அந்தச் சீட்டைக் கொண்டே வடிகட்டுவது நல்லது. இதில் மற்றொன்றும் புலப்படுகிறது. உறவுக்குள் மணம் முடித்த வீடுகளில், பாட்டியைப் பெற்றவர் தாய்வழி மூதாதையாக மீண்டும் வந்து, அமாவாசைதோறும் எள்ளும் நீரும் பெறுகிறார். அயலில் மணம் முடித்த வீடுகளில் அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படி விடுபட்டோர் எத்தனை பேர்? பொருந்தாதோரைக் காட்டும் கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். மறைந்திருந்தவர்கள் முன்னே வருவர். முப்பதில் பன்னிரண்டு போகப் பதினெட்டு. அவர்களில் இருவர் தந்தைவழியில் ஒரு தலைமுறை மேலே சென்றவர்கள். மற்றப் பதினாறு பேரும் பாட்டிகளின், கொள்ளுப் பாட்டிகளின் பிறந்த வீட்டார். தெரிந்தும் தெரியாமலும் உள்ள எல்லாப் பித்ருக்களுக்கும் சேர்த்து இறுதியில் நீர் விடுகிறோம். மகாளயத்தில் காருண்ய பித்ருக்கள் வரிசையில் மாமன், அத்தை முதல் நண்பர் வரை இடமுண்டு. ஆயினும் பெயர் சொல்லி அழைக்கும் முறை இல்லாதபடியால், இந்தப் பதினாறு பெயர்களைக் காத்துவைக்க வீட்டில் ஒருவருக்கும் கட்டாயம் ஏற்படவில்லை.

சின்னசேலத்தில் ஒரு குடும்பத்தார் இந்தக் குறியை எடுத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். பதினெட்டுப் பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பெயர்கள் வந்தாலே அதிகம். பாட்டியாரின் பெயர்கூட ‘ஆத்தூர்ப் பாட்டி’ என்றே ஏறியிருக்கும். ஆத்தூரிலிருந்து வந்தவர் ஆத்தூராள், தியாகதுருகத்திலிருந்து வந்தவர் துருகத்தாள் என்று அழைத்துப் பழகிய வீடுகள் எத்தனையோ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் நின்றுகொண்டது. குறை சொல்வதற்கில்லை, ஊராவது மிஞ்சியதே என்று அந்தச் சொல்லைப் பட்டப்பெயர் இடத்தில் பதிந்துகொள்ளலாம். வங்கிப் பேரேட்டில் இன்னாருடையது என்று துலங்காத தொகையைத் தனிக் கணக்கில் நிறுத்திவைப்பார்கள். உரியவர் தெரியும்வரை அது தள்ளுபடி ஆவதில்லை.

அதன்பின் இரண்டு வடிகட்டிகள் கட்ட வேண்டும். முதலாவது: பெண்கள், பெற்றோர் விவரம் விடுபட்டோர். இரண்டு விதியும் பொருந்த வேண்டும். வருகிற பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது: 1945-க்கு முன் பிறந்து, இன்று உயிருடன் இருப்போர். இந்தப் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு இன்னும் சிறுக்கும். முதல் பட்டியலில் உள்ள பெண்களைப் பெற்றவர் யார் என்பதை இரண்டாம் பட்டியலில் உள்ளோரிடம்தான் கேட்க வேண்டும். (வம்சாவளிப் படியை உறவினர்களுக்கு அனுப்பும்போது உயிருடன் இருப்போரின் பிறந்த தேதியையும் விலாசத்தையும் விலக்கிவிட வேண்டும். அதற்கும் வடிகட்டியே உதவும்.)

தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் செல்வது மேல். பெரியவர்களுக்குப் பெயர் தனியாக நினைவுக்கு வராது. ஒரு கல்யாணமோ, ஒரு நகையோ, சேலம் போகும் ரயிலில் அழுதுகொண்டு வந்த மணப்பெண்ணோ நினைவுக்கு வரும்போது, பெயரும் கூடவே வரும். இன்னும் சிலருக்குத் தாமே அந்த இரண்டாம் பட்டியலில் இருக்கிறோம் என்பதே தோன்றுவதில்லை. கேட்க யாரேனும் வரட்டும் என்று காத்திராமல், பாட்டியைப் பெற்றவர்களின் பெயரை இன்றே ஒரு தாளில் எழுதிப் பூஜை அறையில் வைத்துவிட்டால், பேரன் வரும்போது கணினியில் ஏற்றிக்கொள்வான்.