சுற்றுலாவின் முதல் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?



கோடை விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்பது. முன்பெல்லாம் போய்வந்த உறவினரைக் கேட்டோம். சுற்றுலா அலுவலகத்தில் ஒரு துண்டறிக்கை வாங்கினோம். இன்று சுற்றுலாத் துறையின் இணையதளத்தைத் திறக்கிறோம். அறை முன்பதிவு, படகு புறப்படும் நேரம், நுழைவுக் கட்டணம் எல்லாம் அங்கேதான். ஆக, ஓர் ஊருக்குள் நுழையும் முதல் வாசல் இப்போது இணையதளமே. பார்வையற்றவருக்கும், காது கேளாதவருக்கும், கைகளை எளிதில் அசைக்க இயலாதவருக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறதா? இதுவே இன்று நாம் சிந்திக்க விரும்பும் கேள்வி.

பார்வையற்றவர் எப்படி இணையதளம் பார்ப்பார் என்று நம்மில் சிலர் வியக்கலாம். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசித்துக்காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டாக்பேக்' என்ற வசதி உண்டு. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-ஆம் ஆண்டு அதை உருவாக்கத் தொடங்கினார். தமிழையும் அது வாசிக்கும். ஆனால், படத்தைக் காட்டினால், அதற்கு இணையதளம் அமைத்தவர் எழுதிவைத்த விளக்கத்தைத்தான் அது வாசிக்கும். விளக்கம் இல்லையென்றால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் படத்தை ஓரளவு விவரிக்கின்றன என்பது உண்மை. எனினும், கட்டணப் பட்டியலில் ஓர் எண்ணை அது தவறாகச் சொன்னால், நஷ்டப்படுவது கேட்பவர்தான்.

சுற்றுலா இணையதளங்களோ படங்களால் நிறைந்தவை. நேர அட்டவணையைக்கூட ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள். ஒரே பக்கத்தில் பத்து இடங்களில் 'இங்கே சொடுக்கவும்' என்றிருக்கும். எது எங்கே கொண்டுபோகும் என்று காதால் கேட்பவருக்குத் தெரியாது. முன்பதிவு நாள்காட்டி மவுஸுக்கு மட்டும் இணங்கும். கை நடுக்கத்தால் விசைப்பலகையையே நம்பியிருப்பவர் அங்கே நின்றுவிடுவார். விளம்பரக் காணொளியில் எழுத்து வரிகள் இல்லையென்றால் காது கேளாதவருக்கு அது ஊமைப்படம். இவை எல்லாம் கவனித்தால் நீங்கிவிடும் குறைகள்.

"அதற்கெல்லாம் செலவு அதிகம்" என்பதே வழக்கமான பதில். இந்தப் பதில் ஏற்கெனவே ஒருமுறை உலகறிய விசாரிக்கப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிக்காக அமைக்கப்பட்ட இணையதளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று, பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மக்வயர் 1999 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அவர் கணினி தெரியாதவர் அல்லர். எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக விரல்நுனிக்குத் தரும் கருவியோடு திறம்படப் பணியாற்றியவர். படங்களுக்கு விளக்கம் வேண்டும், விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும், போட்டி முடிவுகளை வாசிக்க முடிய வேண்டும் என்பவையே அவர் கேட்டவை.

ஒலிம்பிக் அமைப்புக் குழு என்ன சொன்னது? ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் 368 நாள்கள் ஆகும். 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்றது. முறையிட்டவர் தரப்பு நிபுணர்களோ, அனுபவமுள்ள ஒரு சிறு குழு ஏறக்குறைய நான்கு வாரங்களில் முடித்துவிடும் என்றார்கள். ஆணையம் குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் குறைகளை நீக்கும்படி 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையிட்டது. குழு அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. எனவே, அந்த ஆண்டு நவம்பரில் மக்வயருக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிடப்பட்டது. ஆனால் போட்டிகள் அதற்குள் முடிந்துவிட்டன. பணம் கிடைத்தது; அந்த நாள்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

வீடு கட்டும்போதே சாய்தளம் அமைத்தால் செலவு சொற்பம். கட்டி முடித்து, படியை இடித்துச் சாய்தளம் போட்டால்தான் செலவு இரட்டிப்பாகிறது. இணையதளத்துக்கும் இதே கணக்குத்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ஆம் ஆண்டு ஏற்று உறுதிசெய்தது. அதன் 30-வது பிரிவு, சுற்றுலாச் சேவைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டது. இத்தனையும் இருந்தும் நிலைமை மெல்லவே மாறுகிறது. ஏன்? உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பு இதற்கு விடை தருகிறது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, அதன் கீழ் வகுத்த விதி வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்று நீதிமன்றம் கண்டது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பு வந்தது. அமிலத் தாக்குதலில் கண்கள் சிதைந்தவர்களை, வங்கிக் கணக்குக்காகக் கேமராவின் முன் கண் சிமிட்டச் சொன்னதால் எழுந்த வழக்கு அது. இணையவழிச் சேவைகளை அணுகுவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறி, 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. எனவே, இது யாரோ மனமிரங்கிச் செய்யும் தருமம் அல்ல, உரிமை.

ஆனால், மென்பொருள் வாசிக்கும்படி எழுத்துகளை அமைத்துவிட்டால் மட்டும் போதுமா? என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம் அல்லவா? 'எழில் கொஞ்சும் அருவி', 'கண்ணுக்கு விருந்து' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படிகள், சக்கர நாற்காலி போகுமா, அதற்கேற்ற கழிப்பறை உண்டா என்று எழுதுவதில்லை. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அலையருகே செல்ல, 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை ஒன்று 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் புறப்படும் முன்பு, பாதை இன்று திறந்திருக்கிறதா என்று எங்கே பார்க்கும்? கோடி ரூபாய் செலவில் பாதை அமைத்தாலும், அதைச் சொல்லும் ஒரு வரி இல்லையென்றால், பயன்பட வேண்டியவருக்கு அது இல்லாத பாதையே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். முழங்கால் வலியோடும் மங்கிய பார்வையோடும் வாழும் நம் முதியோரைச் சேர்க்காத கணக்கு இது. சுற்றுலாப் பேச்சு வந்ததும் இவர்களிடம் நாம் சொல்வது என்ன? "உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? நீ வீட்டிலேயே இரு." பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால், போகும் இடத்தைப் பற்றிய சரியான தகவல் கையில் இல்லாதபோது, அந்தப் பாசமே அவர்களுக்குப் பூட்டாகிவிடுகிறது. "அங்கே சாய்தளம் இருக்கிறது, நானும் வருகிறேன்" என்று அவர்களே முடிவெடுக்க, அந்த ஒரு வரித் தகவல் உதவும். சாய்தளம் இல்லையென்றால் இல்லை என்று நேர்மையாக எழுதினாலும் உதவிதான்.

நாம் என்ன செய்யலாம்? சுற்றுலா இணையதளம் ஒன்றைத் திறந்து, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் முன்பதிவு செய்து பார்ப்போம். கைபேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு கட்டணத்தைக் கண்டுபிடிக்க முயல்வோம். தடை எங்கே என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். புரிந்ததை அந்தத் துறைக்கு எழுதுவோம். பதில் இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடச் சட்டம் வழி தந்திருக்கிறது.

அதோடு, நம் பங்குகளையும் திருத்தலங்களையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். திருவிழா அழைப்பிதழையும் திருப்பலி நேரத்தையும் வண்ணப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பார்வையற்ற சகோதரரின் கைபேசி அதை 'படம்' என்று மட்டுமே சொல்லும். படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அரசிடம் நாம் கேட்கப்போவதை, வருகிற ஞாயிறு அறிவிப்பிலேயே நாம் தொடங்கிவிடலாமே!