தொடர்ச்சிப் படத்திற்குப் பாயிரம்

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஓரிரவு, எங்கள் விடுதியின் மூத்த மாணவர் ஒருவர் தமக்கு ஓராண்டு இளையார் இருவருடன் படக்காட்சிக்குச் சென்று, பேச்சின்றித் திரும்பினார். அவர்கள் கண்டு வந்தது ‘ஜோக்கர்: ஃபோலி ஆ டியூ’ என்னும் ஆங்கிலப் படம். இளையாரை வற்புறுத்தி அழைத்துச் சென்றவர் அவரே. மூவர்க்கும் நுழைவுச்சீட்டு வாங்கிய பொருளும் அவருடையதே. 2019-இல் வெளிவந்த முதற்படத்தைப் பன்முறை கண்டு, அதன் நயங்களை எங்கட்கு எடுத்துரைத்து, ‘இரண்டாவது படம் வரட்டும், அப்போது பாருங்கள்’ என்று பல திங்களாகக் கூறிவந்தவர் அவர். மறுநாள் உணவுக்கூடத்தில் இளையாருள் ஒருவர், ‘பாட்டுக் கச்சேரிக்கா அண்ணே எங்களைக் கூட்டிப் போனீர்கள்?’ என்று கேட்டு நகைத்தார். அண்ணன் நகைத்திலர். ‘படம் நன்றாயில்லை என்பதன்று என் வருத்தம். அது பாட்டுப் படம் என்பது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் உங்களிடம் அப்படியே சொல்லியிருப்பேன்’ என்றார்.

அச்சொல்லை யான் மறந்திலேன். ஒருவர் பிறர் மொழியை நம்பித் தாமும் நண்பர்க்கு உறுதி கூறினார், கூறியது பொய்யாயிற்று, தம்மையறியாமலே பொய்க்கரி புகன்றவர் ஆயினார். நுழைவுச்சீட்டிற்குக் கொடுத்த பொருள் போனது சிறிது. நண்பர் நடுவே அவர் சொல்லுக்கிருந்த மதிப்புப் போனதே பெரிது.

மிக்க எதிர்பார்ப்பிற்குரிய சூப்பர்ஹீரோ படமொன்றின் தொடர்ச்சியை வெளியிடுவோர், காண்பார் மனத்தை எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு யான் ஆராயப் புகும் பொருள். அது வணிகர் கவலையன்றோ, தமிழ் பயிலும் மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று நம் ஆசிரியர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. நம் இலக்கண நூலார் இவ்வினாவைப் பண்டே எழுப்பி விடையுங் கண்டுள்ளனர். அவர் அதற்கு இட்ட பெயர் பாயிரம். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்டற்குரியார், பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் விளங்குதல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. இவ்வெட்டனுள் கதைமுடிவு இல்லாமையை நோக்குக. தலைவன் இறப்பானா, பிழைப்பானா என்பதைப் பாயிரம் கூறவேண்டுவதில்லை. ஆனால் இஃது எவ்வகை நூல், யாருக்காக இயற்றப்பட்டது என்பதை மறைத்தலாகாது. யாப்பு என்பதற்கு உரையாசிரியர் வேறு விரிவுகளுங் கூறுவர். யான் இங்கு அதனை ஆக்கத்தின் வடிவம் என்னும் அளவிற் கொள்கின்றேன். நிகழ்ச்சியை மறைப்பது காண்பார்க்குச் செய்யும் உதவி. வடிவை மறைப்பது வஞ்சனை. என் கருத்து முழுவதும் இதுவே.

முன்னதற்குச் சிறந்த சான்று ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’. 2008-இல் ‘அயர்ன் மேன்’ என்னும் படத்தொடு தொடங்கிய நெடுந்தொடரில் அஃது 22-ஆவது. அதற்கு முந்திய பகுதியாகிய ‘இன்ஃபினிட்டி வார்’ 2018 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் முடிவில் தானோஸ் என்னும் கொடியோன் விரலைச் சொடுக்கிய அளவில் உலகத்து உயிர்களிற் பாதி துகளாகி மறைந்தன. வென்றவன் பகைவன், தோற்றவர் வீரர். இந்நிலையிற் காண்பாரை நிறுத்தி ஓராண்டு காக்க வைத்தனர். அவ்வோராண்டில் எழுந்த ஊகங்களுக்கு அளவில்லை. எத்தகைய முடிவைக் காட்டினும் எவரேனும் ஒருவர் அதனை முன்னரே ஊகித்துக் கூறியிருப்பார் என்னும் நிலை. இயக்குநராகிய ஆந்தனி ருஸ்ஸோ, ஜோ ருஸ்ஸோ என்னும் உடன்பிறந்தார் இருவரும் இந்நிலையை எதிர்கொண்ட முறை நம் கருத்திற்கு உரியது.

படத்தின் பெயரையே 2018 டிசம்பர் வரை அவர்கள் வெளியிடவில்லை. டிரெய்லர் என வழங்கும் முன்னோட்டங்களிற் பெரும்பாலும் படத்தின் தொடக்கப் பகுதியையே காட்டினர். படம் வெளிவந்த பின்னரே உண்மை புலப்பட்டது: கதை தொடங்கிச் சிறிது பொழுதிற்குள் தானோசின் தலை துணிக்கப்படுகின்றது. அதனால் இறந்தார் ஒருவரும் மீண்டிலர். திரையில் ஐந்தாண்டு கழிகின்றது. ஆண்டுகள் பல கடந்தமையின் இதனை ஈண்டு உரைத்தல் குற்றமாகாது என்று நம்புகின்றேன். பகைவனைக் கொல்வதே கதை என்று எண்ணி வந்தவர், அக்கொலை முதற்பகுதியிலேயே முடிந்து, பயனற்றும் போகக்கண்டு திகைத்தனர். அத்திகைப்பைக் காத்துக் கொடுத்தமைக்கு அவர்கள் நன்றி பெறத்தக்கவர்.

அவர்கள் மறைக்காதவையும் உள. ‘எண்ட்கேம்’ என்னும் பெயரே இது முடிவு என்று கூறிற்று. 181 நிமிடம் ஓடும் என்பதும் முன்னரே தெரிந்ததே. எல்லாவற்றினும் முதன்மையானது, அம்முதல் முன்னோட்டம் போர்முழக்கத்தொடு தொடங்காமையே. உணவும் நீரும் தீர்ந்து, விண்வெளியில் வழியற்று மிதக்கும் கலத்திலிருந்து தன் காதலிக்கு இறுதிச் செய்தி பதிவு செய்யும் டோனி ஸ்டார்க்கின் தளர்ந்த குரலோடு அது தொடங்கிற்று. அடுத்து வந்த முன்னோட்டமும் பழைய காட்சிகளை நிறம் நீக்கி, சிவப்பொன்றையே நிறுத்திக் காட்டிற்று. இரண்டும் காண்பாரை நோக்கி, ‘துயரங் காண வாருங்கள், விரைவை நாடி வாராதீர்கள்’ என்று கூறியதற்கு ஒப்பாகும். படத்தின் முதல் ஒரு மணி நேரம் உண்மையிலே அவ்வாறே இருந்தது: இழந்தவர்கள் இழப்போடு வாழப் பழகும் மெல்லிய நடை. போரையே விரும்பி வந்த சிறுவர்கூட அந்நடையைப் பொறுத்திருந்தனர். யான் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன், பொறுத்திருந்தவருள் ஒருவன். எந்நிகழ்ச்சியும் சொல்லப்படவில்லை, ஆயினும் யாப்புச் சொல்லப்பட்டது.

2019 ஏப்ரலிற் படத்தின் சில காட்சிகள் களவாக வெளிப்பட்டபோது, உடன்பிறந்தார் இருவரும் அன்பர்க்கு ஒரு திருமுகம் வரைந்து, முடிவைப் பிறர்க்குக் கூறிக் கெடுத்துவிடாதீர்கள் என்று வேண்டினர். இவ்வேண்டுகோள் எனக்கு மிகவும் உவப்பானது. காண்பாரை வாங்குவோராக மட்டும் கருதாமல், மறைபொருளைக் காக்கும் காவலருமாக்கிற்று அது. முன்னமே பார்த்த என் பெரியப்பா மகன், யான் பார்த்து முடிக்கும் வரை ஒரு வாரம் வாய் திறவாதிருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு மௌனம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டிற்று. பொருள் ஈட்டுதல் சிறப்பிற்குச் சான்றாகாது. எனினும் முடிவை மறைத்ததனால் வணிகம் கெடவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

இவ்விடத்துத் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்று. அப்படத்தின் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், உரையாடலை ஏ. ஆர். முருகதாஸ் எழுதினார். பழைய குரலோடு பழகிய அன்பர் பலர் இம்மாற்றத்தை இகழ்ந்தனர். ஆனால் இன்னார் குரல் என்பது படத்திற்கு முன்னரே பறையறைந்து கூறப்பட்ட செய்தி. விரும்பாதவர் ஆங்கிலப் பதிப்பிற்குப் போகலாம், போயினர். வெறுப்பு எழுந்தது, வஞ்சனை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குதல் கூடாது.

இனி, ஜோக்கருக்கு வருவோம். டாட் ஃபிலிப்ஸ் இயக்கிய முதற்படம் 2019-இல் வெனிஸ் திரைவிழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. 11 துறைகளில் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பெற்று இரண்டை வென்றது. 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டிற்று. அதன் தொடர்ச்சியிற் கதைமாந்தர் அமெரிக்காவின் பழம்பாட்டுகளைப் பலகாலும் பாடுகின்றனர். அதனை அங்ஙனம் அமைத்தது இயக்குநர் உரிமை. தொடர்ச்சிப் படம் ஒருவகையில் வழிநூல் போன்றது. முதனூலைத் தழுவியே செல்ல வேண்டும் என்பதில்லை, வேண்டுமிடத்து வேறுபடலாம். முதற்படத்தை விரும்பினாரைத் திருப்பி அடிக்கவே அது எடுக்கப்பட்டது என்று கூறுவாரும் உளர். அதுவும் கலைஞர் செய்யத் தகாததன்று. பின்னாளில் யானும் அப்படத்தைக் கண்டேன். அதன்மேற் சொல்லப்பட்ட வசைகளிற் பாதிக்கு அது தகுதியுடையதன்று என்பதே என் எண்ணம்.

குற்றம் பாயிரத்தில் உள்ளது. முன்னோட்டங்களிற் பாடுங் காட்சிகள் அருகியே காட்டப்பட்டன. படத்தில் நடித்த பாடகி லேடி காகாவே, இதனை இசைப்படம் என்று தாம் சொல்லமாட்டார் என்னும் கருத்துப்பட வெனிஸ் நகரிற் பேசினார். இசைப்படமென்னும் செய்தி இதழ்களில் முன்னரே வந்ததுண்டு. திரைச்செய்திகளைத் தேடிப் படிப்போர் அறிந்திருந்தனர். எங்கள் விடுதி அண்ணன் அவற்றைத் தேடிப் படிப்பவரல்லர். முன்னோட்டத்தைக் கண்டார், நம்பினார். அமெரிக்காவில் முதனாட் காட்சி கண்டு வெளிவருவோரை வினவி மதிப்பெண் வழங்கும் சினிமாஸ்கோர் என்னும் அமைப்பு அப்படத்திற்கு ‘டி’ அளித்தது. இவ்வினப் படமெதுவும் அதற்கு முன் அத்துணைத் தாழ்ந்த எண் பெற்றதில்லை. வருவாய் ஏறத்தாழ 20 கோடி டாலரோடு நின்றது. உண்மை கூறியிருந்தால் முதல் நாட் கூட்டமும் வந்திராதே என்பர் சிலர். வந்திராது, மெய்தான். ஆனால் பாட்டை விரும்பும் வேறொரு கூட்டம் வந்திருக்கும். கேட்டற்குரியார் இன்னார் என்று சொல்லாமையால், உரியாரும் வாராமல், வந்தாரும் உரியரல்லராய், இருபாலும் இழப்பே நேர்ந்தது.

என் கொள்கையை மிகவும் இடருக்குட்படுத்தும் படம் ‘ஸ்பைடர் மேன்: நோ வே ஹோம்’. 2021 டிசம்பரில் வெளிவந்த அதில், முன்னாளில் அவ்வேடம் தாங்கிய டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு இருவரும் மீண்டுந் தோன்றினர். கார்ஃபீல்டு அவ்வாண்டு முழுதும் கேட்டார்க்கெல்லாம் தாம் அதில் இல்லை என்றே மறுத்தார். முன்னோட்டத்திலிருந்து அவ்விருவர் உருவமும் நீக்கப்பட்டிருந்தது. பிரேசில் நாட்டில் வெளியான முன்னோட்டத்தில், பல்லியுருக் கொண்ட பகைவன் முகம், அடித்தவர் எவருமின்றியே அறைபட்டுத் திரும்புவதை அன்பர் கண்டுபிடித்து நகைத்தனர். இஃது ஐயமற்ற பொய். யான் மேலே புகழ்ந்த ருஸ்ஸோ உடன்பிறந்தாரும் இவ்வகையில் தூயரல்லர்: ‘இன்ஃபினிட்டி வார்’ முன்னோட்டத்தில் வகாண்டாப் போர்க்களத்தில் ஹல்க் ஓடிவரக் காட்டினர், படத்தில் அவன் அக்களத்தில் அவ்வுருவில் தோன்றவே இல்லை.

என் அறைத்தோழர் வள்ளுவர் பொய்ம்மைக்கு அளித்த விலக்கினைக் காட்டி, கார்ஃபீல்டின் மறுப்பால் யாருக்கும் கேடில்லை, அரங்கில் எழுந்த ஆரவாரமே அதற்குச் சான்று என்று வாதிட்டார். ‘சொல்லமாட்டேன்’ என்று அவர் கூறியிருந்தால் அதுவே ‘ஆம்’ என்று பொருள்பட்டிருக்கும். அவர் என்செய்வார் என்றும் கேட்டார். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. வடிவில் வஞ்சனை இல்லை என்பதை ஒப்புகின்றேன்; கூறிய இனத்துப் படத்தையே கொடுத்தனர். குற்றத்திற் பாதியை வினவியவர் மேலும் சுமத்துகின்றேன். மெய்விடை பெற்றால் தம் இன்பமே கெடும் என்று அறிந்தும் அவர்கள் ஓயாது வினவினர். எனினும் வாய்மூடியிருத்தல் பொய்யாக மாறிய அவ்விடத்தைக் கண்டு என்னால் மகிழ இயலவில்லை.

காண்பார் பக்கத்துப் பிழையையும் கூறாது விடலாகாது. ‘தி டார்க் நைட்’ என்னும் பேட்மேன் படம் 2008-இல் பெரும்புகழ் பெற்றது. அதன் தொடர்ச்சியாகிய ‘தி டார்க் நைட் ரைசஸ்’ 2012 சூலையில் வெளிவருதற்குச் சில நாள் முன்னர், படத்தைக் கண்ட திறனாய்வாளர் சிலர் குறை எழுதினர். உடனே ராட்டன் டொமேட்டோஸ் என்னும் திறனாய்வுத் தளத்தில் அன்பர்கள் அவர்களைக் கொடுஞ்சொல்லால் வைது அச்சுறுத்தினர். தளத்தார் அங்குக் கருத்தெழுதும் வசதியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. வைதவர் படத்தைக் கண்டவரல்லர். தம் மனத்திலேயே ஒரு படத்தை எடுத்து முடித்து, அதற்கு முழு மதிப்பெண்ணும் இட்டு, அதனைக் குறை கூறியவரோடு பகைத்தனர். இத்தகையோர்க்கு எந்தப் பாயிரமும் பயன்படாது.

ஆனால் எங்கள் அண்ணன் அவ்வகையினர் அல்லர். யாரையும் வைததில்லை, எவர்க்கும் எழுதியதில்லை. படம் எடுத்தவர் சொன்னதை நம்பி இருவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார், அவ்வளவே. அதன் பின்னர் எத்தனையோ தொடர்ச்சிப் படங்கள் வந்துவிட்டன. விடுதியில் முன்னோட்டம் ஓடும்போது அவரும் எங்களோடு நின்று பார்ப்பார். ‘எப்படி இருக்கும் அண்ணே?’ என்று இளையார் கேட்பர். ‘நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்’ என்று கூறித் தம் அறைக்குச் சென்றுவிடுவார்.